‘இன்டெக்ஸ்’: அட்டவணையா, அடைவா?

வணக்கம்.

தேடுபொறி ஒரு புதிய தளத்தை ‘இன்டெக்ஸ்’ செய்வதற்கு ‘அட்டவணைப்படுத்தல்’ என்ற சொல்லே போதும் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அட்டவணை என்றதும் கட்டம் போட்ட தாளும் பேருந்து நேரமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய குறை, இருவேறு செயல்களை நாம் அந்த ஒரே சொல்லில் அடைத்துவருவதுதான்.

தேடுபொறியின் நிரல் சுட்டிகளை (இணைப்புகளை) பற்றிக்கொண்டு ஒரு பக்கத்துக்கு வந்து அதைப் படித்துச் செல்வது முதற்செயல்; ஆங்கிலத்தில் ‘கிரால்’. படித்ததைத் தன் தரவில் சேர்த்துக்கொள்வது இரண்டாவது; ‘இன்டெக்ஸ்’ என்பது இதுதான். முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்காமல் போகலாம் என்பதற்கு, ‘படித்தாயிற்று, இன்னும் சேர்க்கவில்லை’ என்னும் பொருளில் தளம் நடத்துவோருக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோல் காட்டும் தனி நிலையே சான்று.

எங்கள் வாசகர் வட்டத்துக்காக, தளம் அமைக்க உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளம் அமைத்து, மூன்று வாரம் காத்திருந்தும், அதன் முகவரியை இட்டுத் தேடினால் ஒரு பக்கம்கூட வரவில்லை. பக்கங்களின் பட்டியலான தளவரைபடத்தை (சைட்மேப்) இரண்டு முறை சமர்ப்பித்தேன். கடைசியில் பார்த்தால், வேலை முடியும்வரை தேடுபொறிகள் வரவேண்டாம் என்று நானே இட்ட டிக் எடுக்கப்படாமல் இருந்தது. ஆங்கிலத்தில் அந்தப் பெட்டியருகே ‘இன்டெக்ஸ்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பழைய பதிப்புகளில் அது, எங்கே வரலாம், வரக்கூடாது என்று தேடுபொறி நிரல்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பின் (robots.txt) வழியாக நிரலின் வருகையையே தடுத்தது. 2019 இல் வந்த 5.3 பதிப்பிலிருந்துதான், வந்து படிக்கவிட்டு, ‘நோஇன்டெக்ஸ்’ குறிப்பால் சேர்க்காதே என்று சொல்கிறது. ஆங்கிலத்திலேயே இவ்வளவு குழப்பம் என்றால், ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

முதற்செயலுக்கு ‘ஊர்தல்’ பொருந்தும். ‘கிரால்’ என்பதன் நேர்ப்பொருளான தவழல் குழந்தைக்கு உரியது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதில் உள்ள ஊர்தலில், திரும்பத் திரும்ப வரும் தன்மையும் அடங்கியிருக்கிறது.

இரண்டாவதற்கு ‘அடைவு’ என்பதை முன்மொழிகிறேன். இது புதுச்சொல் அன்று. சொல்லடைவு, பொருளடைவு என நூற்பதிப்பில் நெடுங்காலமாகப் புழங்குவது. பக்கத்தைத் திறந்து சொல்லைக் காண்பதற்கு மாறாக, சொல்லைப் பிடித்துப் பக்கத்தை அடைவதுதான் தேடுபொறியின் உட்கட்டமைப்பு. குறுந்தொகைச் சொல்லடைவில் ‘செம்புலம்’ என்பதற்கு நேரே 40 என்று பாடல் எண் நிற்பதும், தேடுபொறியின் தரவில் ஒரு சொல்லுக்கு நேரே பக்க முகவரிகள் நிற்பதும் ஒரே ஏற்பாடு.

தடைகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அடைவுத் தேர்வு என்றால் மாணவர் எட்டிய கற்றல் நிலையைச் சோதிப்பது. இலங்கையில் நகையை அடைவு வைப்பது, தமிழ்நாட்டார் அடகு வைப்பதுதான். ‘உங்கள் தளம் அடைவில் இருக்கிறது’ என்று யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னால், மீட்க எவ்வளவு வட்டி என்று கேட்பார். ஆகவே வினையாக வரும் இடங்களில், ‘பதிவேற்று’ என்ற பழகிய தடத்தையொட்டி, ‘அடைவேற்று’ என்று அமைக்கலாம். தமிழின் இயல்புக்கேற்பத் தன்வினையும் கூடவே கிடைத்துவிடுகிறது: தேடுபொறி அடைவேற்றுகிறது, தளம் அடைவேறுகிறது.

ரோபாட்ஸ் கோப்பையும் நோஇன்டெக்ஸையும் ஒருசேரப் பயன்படுத்தும் தவற்றை இனி இப்படி விளக்கலாம்: ‘ஊர்தலைத் தடுத்த பக்கத்தினுள் அடைவேற்றாதே என்று எழுதிவைத்தால், தேடுபொறி உள்ளே வந்து அதைப் படிக்க வழியில்லை, வேறு தளங்களிலிருந்து சுட்டிகள் இருந்தால், அப்பக்கத்தின் முகவரி மட்டுமாவது அடைவேறிவிடக்கூடும்.’ அட்டவணைப்படுத்தலை ஆதரிக்கும் நண்பர்கள், இதே வாக்கியத்தைத் தங்கள் சொல்லைக் கொண்டு எழுதிக் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.