லெவோடோபா மாத்திரையும் காலை மொகிங்காவும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். யாங்கோனில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். லெவோடோபாவை வெறும் வயிற்றில் போட்டால் சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிக்கொள்கிறார். மீனும் கடலை மாவும் கரைந்த மொகிங்காவோடு (இங்குள்ள பர்மிய நூடுல்ஸ் சூப்) போட்டால், நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். புரதத்தின் அமினோ அமிலங்கள் குடலிலும், மூளைக்குள் நுழையும் இடத்திலும் மருந்தோடு போட்டியிடுகின்றனவாம். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே மாத்திரை, பருப்பும் மீனும் பெரும்பாலும் இரவில் என்று மருத்துவர் மாற்றச் சொன்னார்.

பகலில் சோறும் காய்கறியும் மட்டும் என்றால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், உடம்பும் இளைக்கிறது. இப்படி மாற்றியவர்கள் பகலுக்கு என்ன சமைக்கிறீர்கள்? மாத்திரை குமட்டினால் என்ன கொடுக்கிறீர்கள்? பூனைக்காலி விதைப் பொடியை மட்டும் சொல்லாதீர்கள், அண்ணன்மாரே, அக்காமாரே. அதிலும் இருப்பது லெவோடோபாதான். அளவு தெரியாமல் மாத்திரையோடு சேர்க்க மாட்டேன்.