மாதம் 17,000 மிஞ்ச வேண்டும், ஒரு ரூபாயும் மிஞ்சவில்லை: எங்கே பிழை?

கடலோர வீடு, வெள்ளவத்தை:
எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் ஜனவரியில் இருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் வீட்டுச் செலவை எழுதி வருகிறேன். பிள்ளைகள் படுத்த பிறகு அன்றைய பில்களைக் குசினி மேசையில் பரப்பி வைத்து எழுதுவேன். பாண், தேங்காய் வாங்கிய சில்லறை வரைக்கும் அதில் இருக்கும். அப்படியும் கணக்குச் சரிவரவில்லை. யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் பெரிய உதவி.

என் கணவருடைய சம்பளம் கையில் 138,000, என்னுடையது 82,000. மொத்தம் 220,000. செலவு இப்படி:

வாடகை 65,000
சாப்பாட்டுச் சாமான், மரக்கறி, மீன் 58,000
இரண்டு பிள்ளைகளின் ஸ்கூல் வேன் 16,000
ரியூஷன் 14,000
கரண்ட், தண்ணி, போன், இன்டர்நெட் 17,500
கேஸ் 4,000
யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு 15,000
பஸ், ஓட்டோ, பைக் பெற்றோல் 9,000
மருந்து 4,500

கூட்டினால் 203,000. மாதம் 17,000 மிஞ்ச வேண்டும். 13 மாதமாக ஒரு மாதம்கூட மிஞ்சவில்லை. 20ஆம் திகதிக்குப் பிறகு அவருடைய கணக்கிலும் ஒன்றும் இல்லை, என்னிடமும் இல்லை. மேலே உள்ளவை நினைத்துப் போட்ட தொகைகள் இல்லை, உண்மையாகச் செலவானவற்றின் சராசரி. எதை எழுதாமல் விடுகிறேன் என்று எனக்கு விளங்கவில்லை.

பேலியகொடைத் தம்பி:
அக்கா, எனக்கு இதே கதை இருந்தது. காரணம் வேலைக்குப் போகும் இடத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். நாளுக்கு 250 ரூபாய் என்றால் 22 நாளைக்கு 5,500. அண்ணாவின் பொக்கெட்டில் இருந்து போகிற சின்னக் காசை ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, அவருக்குச் சம்பளம் என்றைக்கு? 25ஆம் திகதி என்றால் நீங்கள் 1ஆம் திகதியில் இருந்து எழுதுவதே குழப்பம். ஜனவரி 25இல் வந்த காசில்தானே பெப்ரவரி வாடகை கட்டுகிறீர்கள்?

கடலோர வீடு:
தம்பி, இரண்டு பேரும் வீட்டில் இருந்துதான் சோறு கட்டிக்கொண்டு போகிறோம். அவருடைய சின்னச் செலவும் கொப்பியில் இருக்கிறது, ஒவ்வொரு இரவும் கேட்டு எழுதுவேன். சம்பளம் 25ஆம் திகதிதான். நீங்கள் சொன்னது சரி, இனி 25இல் இருந்து 24 வரைக்கும் ஒரு மாதம் என்று வைக்கிறேன். ஆனால் 13 மாதத்தையும் சேர்த்துக் கூட்டினாலும் காசு குறைகிறது. அப்படியென்றால் காரணம் திகதி மட்டும் இல்லையே.

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, 58,000 உண்மையான கணக்கா, இல்லை மனதில் இருக்கிற கணக்கா என்று கேட்கத்தான் வந்தேன். நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் ஏன் கேட்டேன் என்றால், 2022இல் எங்கள் வீட்டுத் திட்டம் அப்படித்தான் உடைந்தது. அந்த வருஷம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. நான் பழைய விலையை வைத்துத் திட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் ஏன் காணாது என்று அழுதேன். இப்போது விலை அப்படி ஓடவில்லை என்றாலும் இறங்கவும் இல்லை. உங்கள் தொகைகள் நான்கு பேருக்கு நியாயமாகத்தான் தெரிகின்றன. ஓட்டை சாப்பாட்டில் இல்லை.

கணக்காளர், தெஹிவளை:
உங்கள் பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். அதில் கிரெடிட் கார்டு என்ற சொல்லே இல்லை. வீட்டில் கார்டு இருக்கிறதா? இருந்தால் இரண்டு கேள்வி. கார்டில் ஒரு சாமான் வாங்கினால் அன்றைக்குக் கொப்பியில் எழுதுகிறீர்களா? மாதம் கார்டுக்குக் கட்டும் காசை எழுதுகிறீர்களா?

இதோடு, தீபாவளி உடுப்பு, ஜனவரியில் பிள்ளைகளின் சப்பாத்து, கொப்பி, பைக் இன்சூரன்ஸ் ஆகியவை எந்த வரியில் வருகின்றன? எனக்குத் தெரியவில்லை.

கடலோர வீடு:
கார்டு அவருடைய பெயரில் இருக்கிறது. வாங்கும்போது எழுதுவதில்லை, கையில் இருந்து காசு போகவில்லையே. கட்டுவதையும் எழுதுவதில்லை. அது கடனைத் திருப்புவதுதானே, செலவு இல்லை என்று நினைத்தேன். அவர் சம்பளம் வந்த கிழமையிலேயே போனில் கட்டிவிடுவார்.

எழுதும்போதே எனக்கு ஏதோ உறைக்கிறது. இன்றிரவு அவரோடு இருந்து பார்த்துவிட்டு வருகிறேன்.

கணக்காளர், தெஹிவளை:
ஓம், அங்கேதான் இருக்கிறது. வாங்கிய அன்றும் எழுதவில்லை, கட்டிய அன்றும் எழுதவில்லை. ஒரு செலவு இரண்டு வாசலாலும் தப்பிப் போகிறது. நேரமும் கவனமும் கொடுத்து எழுதுகிறவர்களுக்குத்தான் இது கூடுதலாக நடக்கும், ஏனென்றால் கொப்பியில் உள்ளது முழுவதும் சரி என்ற நம்பிக்கை இருக்கும்.

12 மாதக் கார்டு அறிக்கைகளையும் எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எதற்காக வாங்கியது என்று எழுதுங்கள். கடையின் பெயர் வேண்டாம், காரணம் வேண்டும்.

கடலோர வீடு:
நேற்று இரவு ஒரு மணி வரைக்கும் இருந்தோம். அவர் போனில் அறிக்கையைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் சிவப்புப் பேனையால் எழுதினேன். ஓகஸ்ட் மாதம் வந்தபோது இரண்டு பேருமே பேசவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்குப் போன வான் காசு, அம்மாவுக்கு வாங்கிய சேலை, சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோன சாமான் எல்லாம் வரிசையாக இருந்தன. அத்தனையும் மனமொத்துச் செய்த செலவுகள்தான். ஒன்றுகூடக் கொப்பியில் இல்லை.

12 மாதத்துக்கும் இப்படி வந்தது: ஜனவரியில் பள்ளிச் செலவு 68,000. தீபாவளி 60,000. யாழ்ப்பாணப் பயணம் 72,000. கலியாண வீடு, பிறந்தநாள் அன்பளிப்பு 54,000. பைக் இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம், டயர் 38,000. மழைக்காலத்தில் மகனுக்கு டெங்கு வந்தபோது தனியார் மருத்துவமனைக்கு 32,000.

மொத்தம் 324,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 27,000.

கார்டில் இப்போது நிலுவை 134,000. போன வருஷம் ஜனவரியில் அது பூச்சியம்.

கணக்காளர், தெஹிவளை:
கணக்குப் பொருந்துகிறது, பாருங்கள். மிஞ்சும் என்று நீங்கள் நினைத்த 17,000தான் மாதாமாதம் கார்டுக்குப் போயிருக்கிறது, வருஷத்துக்கு 204,000. வாங்கியது 324,000. வித்தியாசம் 120,000. நிலுவை 134,000இல் மீதி 14,000 வட்டி. ஆகவே உங்களிடம் 17,000 மிச்சம் இருக்கவில்லை. மாதம் 10,000 துண்டு விழுந்துகொண்டிருந்தது, அதைக் கார்டு மறைத்து வைத்திருந்தது.

இந்த 324,000இல் எதிர்பாராதது டெங்கு ஒன்றுதான். தீபாவளி வரும், பள்ளி திறக்கும், இன்சூரன்ஸ் முடியும் என்று ஜனவரியிலேயே தெரியும். எனவே அவையும் மாதச் செலவே. கரண்ட் பில் போல ஒவ்வொரு மாதமும் அவற்றுக்குக் காசு ஒதுக்க வேண்டும். வேறு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து, 26ஆம் திகதி காசு தானாகவே அங்கே போகும்படி நிலையான கட்டளை கொடுங்கள். அந்தக் கணக்கின் ஏ.ரி.எம். அட்டையை வீட்டில் வையுங்கள்.

நீங்கள் பெப்ரவரியில் கேட்டது நல்லது. பள்ளிச் செலவு இப்போதுதான் முடிந்தது, அடுத்த பெரிய செலவு ஓகஸ்டில். செப்டெம்பரில் தொடங்குகிறவர்களுக்குத் தீபாவளியும் ஜனவரியும் மூன்று நான்கு மாதத்துக்குள் வந்து மோதும். அவர்கள் வருஷத் தொகையைப் பன்னிரண்டால் பிரிக்காமல், ஜனவரி வரைக்கும் என்னென்ன வருகிறது என்று கூட்டி, இருக்கிற மாதங்களால் பிரிக்க வேண்டும்.

கார்டை இப்போது பாவிக்க வேண்டாம். முழு நிலுவையையும் கட்டாத வரைக்கும் பொதுவாகப் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் கிடைக்காது, வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். அறிக்கையில் வட்டி வீதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கடலோர வீடு:
வருஷத்துக்கு 26 சதவீதம் என்று போட்டிருக்கிறது. போன மாதம் வட்டி மட்டும் 2,900.

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, இரண்டு காப்பை வங்கியில் அடகு வைத்துக் கார்டை ஒரேயடியாக முடித்துவிடுங்கள். அடகு வட்டி கார்டு வட்டியளவு வராது. நான் அப்படித்தான் செய்தேன்.

கணக்காளர், தெஹிவளை:
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடகுக்குத் தவணை உண்டு, தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். மாதம் 10,000 துண்டு விழுகிற வீட்டில் முதலில் அதை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நகையும் அடகில் இருக்கும், கார்டும் மறுபடி நிறைந்திருக்கும். நான் இப்படி இரண்டு வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஆறுதல்: 138,000 என்பது 150,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போன பிறகு என்று நினைக்கிறேன். 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரைக்கும் சம்பள வரி இல்லை, அதனால் வேறு கழிவு இருக்காது. நிறுவனம் 12 சதவீதம் போடுகிறது. இரண்டும் சேர்ந்தால் மாதம் 30,000 அவருடைய பெயரில் சேர்கிறது. அதைத் தொடக் கணக்குப் போடாதீர்கள், ஆனால் ஒன்றுமே சேமிக்கவில்லை என்று மனம் நோகவும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனை அக்கா:
சரி, 10,000 எங்கே எடுப்பது என்று பார்ப்போம். அரிசி, பருப்பு, சீனி, வெங்காயம், செத்தல் மிளகாயை நாங்கள் மூன்று வீடு சேர்ந்து புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் மொத்தமாக எடுக்கிறோம். ஓட்டோக் காசை மூன்றாகப் பிரிப்போம். ஒரு வீட்டுக்கு மாதம் நாலாயிரம் மிஞ்சுகிறது. மூட்டையை வீட்டில் தராசு வைத்துப் பிரிக்க வேண்டும், கண் மட்டில் பிரித்தால் மனஸ்தாபம் வரும். மரக்கறியை மட்டும் மொத்தமாக வாங்காதீர்கள், வெள்ளவத்தை வெக்கையில் மூன்று நாளில் பழுதாகும்.

பேலியகொடைத் தம்பி:
கரண்ட் பில்லில் எத்தனை அலகு அக்கா? மாதத்துக்கு 60, 90, 120, 180 என்ற எல்லைகளைத் தாண்டும்போது அலகின் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். 125இல் நிற்கிறவர் 118இல் நின்றால் ஏழு அலகின் காசு மட்டுமா குறையும்? அதைவிடக் கூடுதலாகக் குறையும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரைப் பார்த்துக் கலண்டரில் எழுதுவேன். மூன்றாம் கிழமையில் எல்லை நெருங்கினால் துணி மினுக்குவதைக் கிழமைக்கு ஒரு தரம் என்று ஆக்கிவிடுவோம்.

கடலோர வீடு:
எங்களுடையது 131. சுடுதண்ணி ஹீற்றர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணப் பயணத்தை விடச் சொல்லாதீர்கள். அம்மாவுக்கு 74 வயது, வருஷத்தில் அந்த ஒரு தரம்தான் பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறா.

கணக்காளர், தெஹிவளை:
விடச் சொல்லவே மாட்டேன். திட்டம் போடுவதே அந்தப் பயணம் கடனில்லாமல் நடக்கத்தான். எப்படிப் போகிறீர்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

கடலோர வீடு:
ஏப்ரல் கடைசியில் எழுதுகிறேன். இரண்டு சம்பளம் வந்து போயிற்று.

வானுக்குப் பதில் புகையிரதத்தில் போவது என்று முடிவெடுத்தோம், பயணம் 60,000க்குள் வரும். தீபாவளிக்கு 48,000, அன்பளிப்புக்கு 36,000 என்று வைத்தோம். அன்பளிப்பைக் குறைப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அவருடைய பக்கத்தில் சொந்தம் பெரிது, ஒவ்வொரு கலியாண வீட்டுக்கும் கையை வீசிக்கொண்டு போக ஏலாது. அதனால் யாருக்கு எவ்வளவு என்று அவரே இருந்து ஒரு பட்டியல் எழுதினார். இப்போது வருஷத் தொகை 282,000, மாதம் 23,500. அது 26ஆம் திகதி தானாகவே போய்விடுகிறது.

மேல்மாடி வீட்டோடும் என் மச்சாளோடும் சேர்ந்து நாலாம் குறுக்குத்தெருவில் சாமான் எடுத்தோம், 4,000 குறைந்தது. ஹீற்றரை நிறுத்திவிட்டோம், கொழும்பில் அது தேவையும் இல்லை. கரண்ட் 114 அலகுக்கு வந்தது. பிள்ளைகளின் ரியூஷனுக்காக எடுத்த இரண்டாவது டேட்டா பக்கேஜையும் நிறுத்தினேன். இரண்டாலும் 2,500. வருஷத் தொகையில் மாதம் குறைந்த 3,500ஐயும் சேர்த்தால் மொத்தம் 10,000 துண்டு அடைபட்டது. கூட்டிப் பார்த்தேன்: மாதச் செலவு 196,500, வருஷக் கணக்குக்கு 23,500, சரியாக 220,000.

காப்புகளை வைக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் இருந்து சனிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், மாதம் 9,000. அது முழுவதும் கார்டுக்கு. அதுவரை நிலுவை ஏறாமல் இருக்கப் பெப்ரவரி, மார்ச் வட்டியைக் கையில் இருந்ததை வழித்துக் கட்டினோம். கொப்பியில் கார்டுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி, வட்டியை மட்டும் செலவு வரியில் எழுதுகிறேன். இந்த மாத அறிக்கையில் 134,000க்கு 2,900 வட்டி ஏறி, 9,000 கட்டியதும் 127,900 என்று வந்திருக்கிறது. போன வருஷம் ஜனவரிக்குப் பிறகு முதல் தரமாக அந்த எண் இறங்கியிருக்கிறது. அவர் போனை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

பேலியகொடைத் தம்பி, ஒரு சந்தேகம். எங்கள் மீட்டரை இந்தத் தரம் 33 நாளில் வந்து வாசித்தார்கள். அப்படியானால் அந்த எல்லைகள் எப்படி?

பேலியகொடைத் தம்பி:
நாளின் கணக்குப்படி எல்லையும் கூடும் அக்கா. 30 நாளுக்கு 120 என்றால் 33 நாளுக்கு 132. பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 114இல் நீங்கள் நன்றாகவே உள்ளே நிற்கிறீர்கள்.