பஞ்ச்கனியில் இறங்கிய எட்டு வயதுச் சிறுவன்

ஃபிரெடி மெர்குரியை மேடையில் பார்த்தவர்கள் தங்கள் நினைவுகளைச் சொல்லும்போது வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவதே என் வழக்கம். 1991 நவம்பர் 24 அன்று லண்டனில் அவர் மறைந்தபோது எனக்கு ஏழு வயது. அவர் முன்னின்று பாடிய குயின் என்றொரு பிரிட்டிஷ் ராக் இசைக்குழு இருந்ததே அப்போது தெரியாது. ஆனாலும் அவரை மூன்று முறை மிக அருகில் பார்த்துவிட்டதாக என் மனம் கணக்கு வைத்திருக்கிறது.

முதல் முறை மகாராஷ்டிரத்தின் மலை ஊரான பஞ்ச்கனியில். 2009 ஜனவரியில் புணேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வார்கேட்டில் அரசு பஸ் ஏறி, வாய் என்ற ஊரைத் தாண்டி மலைப்பாதையில் போய் இறங்கினேன். சாலையோரம் முழுக்க ஸ்ட்ராபெர்ரிக் கூடைகள். சில்வர் ஓக் மரங்களுக்கிடையில் விசாரித்து விசாரித்து, செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். காவலாளி முதியவர். பிள்ளைகள் இருக்கும் இடம், முன் அனுமதியில்லாமல் உள்ளே விட முடியாது என்று இந்தியில் தன்மையாகச் சொன்னார். அது நியாயம்தான். வாசலுக்கு எதிரே அரை மணி நேரம் நின்றேன்.

அந்த வாசலுக்குள் 1955-இல் ஃபரோக் புல்சாரா என்ற எட்டு வயதுப் பையன் வந்து சேர்ந்தான், பின்னாளில் ஃபிரெடி மெர்குரி ஆனவன். பிறந்தது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் உள்ள ஸான்ஸிபார் தீவில். பெற்றோர் பார்சிகள், குஜராத்தின் வல்சாத் ஊருக்குப் புல்சார் என்றும் பெயர், குடும்பப் பெயர் அங்கிருந்துதான் வந்தது. தந்தை போமி பிரிட்டிஷ் அரசாங்கத்தில் காசாளர். மகன் நன்றாகப் படிக்க வேண்டும் என்று கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். விடுமுறை விட்டாலும் நினைத்தபோது வீட்டுக்குப் போக முடியாது. பம்பாயில் இருந்த உறவினர் வீடுதான் கதி. ஃபிரெடி என்ற பெயர்கூட இங்கே கூடப் படித்த பையன்கள் வைத்ததுதான், அதையே பிறகு வீட்டாரும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நானும் விடுதியில் வளர்ந்தவன். ஒன்பது வயதில், அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வருகிறது என்று பாளையங்கோட்டையில் கொண்டுபோய் விட்டார்கள். முதல் வாரம் ராத்திரிகளில் போர்வைக்குள் அழுதது இன்னும் மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தைப் பாட்டால் கட்டிப்போட்ட நாயகனைவிட இந்தப் பையன் எனக்கு நெருக்கமானவன்.

பஞ்ச்கனியில் அவன் பியானோ கற்று நான்காம் நிலைத் தேர்வு வரை தேறினான். மேசைப் பந்தாட்டத்தில் கெட்டிக்காரன், குத்துச்சண்டையும் ஆடியிருக்கிறான். வானொலியில் ஒரு முறை கேட்ட பாட்டை அப்படியே பியானோவில் வாசித்துவிடுவான் என்று உடன் படித்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பையன்கள் சேர்ந்து ‘ஹெக்டிக்ஸ்’ என்று ஒரு குழு அமைத்தார்கள். பள்ளி விழாக்களில் எல்விஸ், கிளிஃப் ரிச்சர்ட், லிட்டில் ரிச்சர்ட் பாட்டுகள். அதில் என்னை வியக்கவைத்த செய்தி இது: முன்னால் நின்று பாடியவர் வேறொரு மாணவர். பின்னாளில் உலகின் மகத்தான குரல்களில் ஒன்றாகப் போற்றப்பட்டவன் அன்று பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். துருத்திய மேல்வரிசைப் பற்களைப் பார்த்து மற்ற பையன்கள் கேலிப்பெயர் வேறு வைத்திருந்தார்கள். வாயில் நான்கு பற்கள் அதிகம். புகழும் பணமும் வந்த பிறகும், குரல் மாறிவிடுமோ என்ற பயத்தில் அவற்றைச் சரிசெய்துகொள்ளவில்லை.

1964-இல் ஸான்ஸிபார் புரட்சி. குடும்பம் உயிருக்கு அஞ்சி லண்டனுக்கு அருகே ஃபெல்த்தமில் குடியேறியது. ஃபிரெடி ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்தார். குயின் குழுவின் சின்னம் அவரே வரைந்தது, நால்வரின் ராசிகளையும் அதில் சேர்த்து. நேர்காணல்களில் பஞ்ச்கனியைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. இந்தியாவை மறைத்தார் என்று இதை வைத்துக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெற்காசிய முகத்தைத் தெருவில் கண்டாலே வசைபாடியவர்கள் இருந்த காலத்து இங்கிலாந்து அது. அவருடைய இறுதிச் சடங்கைப் பார்சிக் குருமார்கள்தான் நடத்தினார்கள்.

இன்னொரு சந்திப்பு லண்டனில், 2023 ஆகஸ்டில். அவருடைய வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு முன் சாதபீஸ் நிறுவனத்தில் இலவசமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. நீண்ட வரிசையில் நின்று உள்ளே போனேன். குயினின் புகழ்பெற்ற பாடலான ‘பொஹீமியன் ராப்சடி’யின் கையெழுத்துப் படி ஒரு கண்ணாடிக்குள் இருந்தது, ஒரு விமான நிறுவனத்தின் தாள்களில் எழுதியது. முதலில் ‘மங்கோலியன் ராப்சடி’ என்று எழுதி, மங்கோலியனை அடித்திருக்கிறார்! அந்த அடித்தல் கோட்டை விட்டு என் கண் நகர மறுத்தது. பக்கத்தில் கூடம் நிறையக் கூட்டம் சூழ்ந்திருந்தது அவருடைய யமஹா பியானோ. அதன் மேல் ஒரு டம்ளரைக்கூட வைக்க மாட்டார், பிறரையும் வைக்க விடமாட்டார், அதன் அருகில் புகைபிடிக்கவும் மாட்டார் என்று அவருடைய நெருங்கிய தோழி மேரி ஆஸ்டின் சொல்லியிருக்கிறார். விடுதியில் வளர்ந்தவனுக்கு இது புரியும். நூறு பேர் நடுவே தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பெட்டிதான் இருக்கும். அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

அதற்கு முந்தைய ஆண்டே பார்த்ததைக் கடைசியாகச் சொல்கிறேன், அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. 2022 கோடையில் லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் அவருடைய தபால்தலை ஆல்பத்தை வைத்திருந்தார்கள். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை சேர்த்தது, அதாவது பஞ்ச்கனிக் காலம். தந்தையும் தபால்தலை சேர்ப்பவர். மகன் போன பிறகு ஆல்பத்தை ஏலத்தில் விட்டு, பணத்தை எய்ட்ஸ் நோயாளிகளுக்கான அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். 1993-இல் அருங்காட்சியகம் வாங்கியது.

தபால்தலைகளைக் கிடைத்தபடி ஒட்டவில்லை அந்தப் பையன். நிறத்துக்கு நிறம், அளவுக்கு அளவு பொருத்தி, இடப்பக்கம் ஒன்று இருந்தால் வலப்பக்கம் அதற்கு இணையாக ஒன்று, நடுவில் ஒன்று என்று கோலம் போடுவதுபோல் அடுக்கியிருந்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பாளையங்கோட்டை விடுதியில் என் தகரப் பெட்டிக்குள்ளும் ஒரு நோட்டு இருந்தது. தீப்பெட்டிப் படங்களைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய நோட்டு. சிவப்புப் படங்கள் ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம்.

அன்று இரவே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன்.

“பெட்டி பரணில்தான் இருக்கிறது, ஐயா,” என்றார். “நீ பூட்டி வைத்துவிட்டுப் போனது. நாங்கள் யாரும் திறக்கவில்லை.”