தினமும் 100 கிராம் மீல்மேக்கர்: வீட்டில் பெரிய சண்டை

வைகைக்கரை:
எங்கள் வீட்டில் ஒரு மாதமாக மீல்மேக்கர் பஞ்சாயத்து. மூத்தவனுக்கு 19 வயது, 62 கிலோ. மூன்று மாதம் முன்பு ஜிம்மில் சேர்ந்தான். அங்கே யாரோ, "கோழிக்கும் பவுடருக்கும் காசைக் கொட்டாதே, தினமும் 100 கிராம் மீல்மேக்கர் சாப்பிடு, 52 கிராம் புரதம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து காலையில் பாதி, ராத்திரி பாதி. அதைப் பார்த்து வீட்டுக்காரருக்கும் ஆசை வந்து, காலையில் மாட்டுப் பாலை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் ஒரு டம்ளர் சோயா பால் என்று ஆக்கிவிட்டார்.

இப்போது மாமியாருக்கு வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. சோயா தின்றால் ஆண்பிள்ளைக்கு மார்பு வளரும், பின்னால் குழந்தை பிறக்காது என்று. "என் பேரனுக்கு ஒன்று ஆனால் நீ பதில் சொல்வாயா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். சமைக்கிறவள் நான், அதனால் குற்றவாளியும் நான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாட்டுவிதை:
உங்கள் மாமியார் பேச்சை அப்படியே தள்ளிவிடாதீர்கள் அக்கா. சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்று ஒன்று இருக்கிறது. உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்காரக்கூடிய பொருள். அமெரிக்காவில் 60 வயது மனிதர் ஒருவருக்கு சோயா பால் குடித்தே மார்பு வீங்கியது, 2008இல் மருத்துவ இதழிலேயே வந்தது. 2011இல் உங்கள் பையன் வயதுதான், 19, அவனுக்கு ஆண்மைக் குறைவு. இருவரும் சோயாவை நிறுத்திய பிறகுதான் சரியானது. வீடியோக்காரர்கள் மிகைப்படுத்துவார்கள், ஆனால் இது மருத்துவர்களே எழுதியது.

அப்புறம் மீல்மேக்கர் என்பது என்ன? சோயாவில் எண்ணெயை ஹெக்சேன் என்ற ரசாயனக் கரைப்பான் ஊற்றிக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சும் பிண்ணாக்கு. அதை மாவாக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி, பஞ்சு மாதிரி பொரியவைத்து விற்கிறார்கள். பிண்ணாக்கை யாருக்கு வைப்போம் என்று ஊரில் கேட்டுப் பாருங்கள்.

சத்துக்கணக்கு:
உணவியல் படித்துவிட்டு பத்து வருடமாக அதே வேலையில் இருப்பவள் நான். நாட்டுவிதை சொன்ன இரண்டு சம்பவமும் உண்மை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த 60 வயதுக்காரர் குடித்தது ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால். 19 வயதுப் பையன் முதல் வகை நீரிழிவு நோயாளி, முழு தாவர உணவுக்காரன், அவன் உள்ளே தள்ளியது ஒரு நாளைக்கு 360 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன். ஜப்பானில் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது 25 முதல் 50 மில்லிகிராம்தான் வரும். தண்ணீரே 3 லிட்டருக்குப் பதில் 15 லிட்டர் குடித்தால் ஆள் மருத்துவமனையில்தான் கிடப்பார்.

ஆண்களை வைத்து நடந்த சோதனைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2010இல் ஒரு முறை, 2021இல் மறுபடி கணக்குப் பார்த்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை, ஈஸ்ட்ரோஜன் கூடவும் இல்லை. இரண்டு தனி மனிதர்களின் கதை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நான் எதை நம்புவேன் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் நாட்டுவிதை பக்கம் நின்று சொல்கிறேன். 100 கிராம் காய்ந்த மீல்மேக்கரில் ஐசோஃப்ளேவோன் நூறு மில்லிகிராமைத் தாண்டும். வேகவைத்துப் பிழிந்தால் கொஞ்சம் தண்ணீரோடு போகும், அப்படியும் அதிகம்தான். விஷம் இல்லை, ஆனால் தினமும் அவ்வளவு தேவையும் இல்லை. அக்கா, அவன் எடை போடுவது காய்ந்ததையா, ஊறியதையா?

வைகைக்கரை:
காய்ந்ததை. சின்னத் தராசு ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். ஊறின பிறகு ஒரு சட்டி நிறைய வருகிறது.

மெஸ்சாப்பாடு:
அய்யோ, 100 கிராம் காய்ந்ததா! அது ஊறினால் 300 கிராமுக்குக் குறையாதே. நான்கு வருடம் விடுதியில் செவ்வாயும் வெள்ளியும் மீல்மேக்கர் குழம்பு தின்றவன் கேட்கிறேன்: அந்தப் பையன் கூட ஒரே அறையில் யார் படுக்கிறார்கள்?

வைகைக்கரை:
தம்பி படுத்தான். இப்போது கூடத்துக்கு வந்துவிட்டான். இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சத்துக்கணக்கு:
சிரிக்கிற விஷயம்தான், ஆனால் காரணம் உண்டு. சோயாவில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று இரண்டு சர்க்கரை. நம் குடலால் அவற்றை உடைக்க முடியாது. பெருங்குடலில் இருக்கும் கிருமிகள் உடைக்கும்போது வாயு வரும். வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு முறை அலசிப் பிழிந்தால் பெருமளவு குறையும். சிலர் அந்தத் தண்ணீரையே குழம்பில் ஊற்றுகிறார்கள், சத்து போகக்கூடாதாம்!

ஈப்போக்காரன்:
மலேசியாவிலிருந்து. எங்கள் வீட்டில் தவ்ஹுவும் (டோஃபு) தெம்பேயும் வாரத்தில் மூன்று நாள் உண்டு. அம்மா தெம்பேயை மெல்லிசாக நறுக்கி, மஞ்சள் உப்பு பிரட்டிப் பொரித்து, சம்பலில் போடுவார். எங்கள் ஊரில் சாயங்காலம் சூடாகப் பாகு ஊற்றித் தரும் தௌ ஃபூ ஃபா என்ற சோயா இனிப்புக்கு வரிசையே நிற்கும். மூன்று தலைமுறையாக இங்கே இருக்கிறோம், எங்கள் ஆண்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போகவில்லை.

நீங்கள் எல்லாம் "சோயா" என்று ஒரே பெயரில் அடித்துக்கொள்வதுதான் எனக்குப் புரியவில்லை. தெம்பே பூஞ்சை போட்டுப் புளிக்கவைத்தது. தவ்ஹு சோயா பாலைத் திரித்து எடுத்தது, பல இடங்களில் கால்சியம் உப்புப் போட்டுத் திரிப்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. மீல்மேக்கர் ஆலைச் சரக்கு. சோயா சாஸோ பெரும்பாலும் உப்புத் தண்ணீர்.

நாட்டுவிதை:
ஈப்போ அண்ணன் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். புளிக்கவைத்துச் சாப்பிட்ட இனங்கள் காரணம் இல்லாமலா அப்படிச் செய்தன? சோயாவில் ஃபைட்டிக் அமிலம் அதிகம். அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தையே தடுக்கும் பொருள் இருக்கிறது. புளிக்கவைத்தால் ஃபைட்டிக் குறையும், வேகவைத்தால் மற்றது அழியும். அவர்கள் பல நூறு வருடம் கற்றுக்கொண்டதை நாம் ஒரு பாக்கெட்டைக் கிழித்து மூன்று மாதத்தில் செய்யப் பார்க்கிறோம். நம் பாட்டன் பூட்டன் இதைத் தொட்டதே இல்லை. உளுந்து இருக்கிறது, கொள்ளு இருக்கிறது, தட்டைப்பயறு இருக்கிறது.

சத்துக்கணக்கு:
ஃபைட்டிக் அமிலம் உளுந்திலும் கொள்ளிலும்கூட உண்டு. மாவு புளித்து இட்லியாகும்போது அங்கேயும் குறைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மீல்மேக்கர் செய்யும் சூட்டில் அந்தச் செரிமானத் தடையும் பெரும்பாலும் போய்விடும்.

"நம் பாட்டன்" என்பதில் யார் யார் சேர்த்தி? நாகாலாந்தில் ஆக்ஸோனே, சிக்கிமில் கினெமா, மணிப்பூரில் ஹவாய்ஜார், மேகாலயாவில் துங்ரும்பாய். எல்லாம் புளித்த சோயாதான், வெள்ளைக்காரன் கொண்டுவந்தது இல்லை. குமாவோன் மலையில் கறுப்பு சோயாவை 'பட்' என்று சொல்லிக் குழம்பே வைக்கிறார்கள்.

நாட்டுவிதை:
அவர்கள் பாட்டி புளிக்கவைத்தாள், அதைத்தானே நானும் சொல்கிறேன்! ஆக்ஸோனே தின்னுங்கள், நான் தடுக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தில் அறுபதுகளுக்குப் பிறகு ஏக்கர் ஏக்கராகச் சோயா வந்தது யாருக்கும் சத்து போதவில்லை என்பதற்காகவா? எண்ணெய்க்காக, கோழித் தீவனத்துக்காக. மிஞ்சியதை நம் தலையில் கட்ட "ஏழைகளின் இறைச்சி" என்று பெயர்.

இதயத்துக்கு நல்லது என்றார்களே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? அமெரிக்க உணவு மருந்துத் துறை 1999இல் "தினம் 25 கிராம் சோயா புரதம் இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம்" என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தது. 2017இல் அதே துறை, ஆதாரம் போதாது, அனுமதியைத் திரும்பப் பெறலாமா என்று அறிவித்தது. 18 வருடம் விளம்பரம் ஓடியது ஓடியதுதானே?

சத்துக்கணக்கு:
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். கெட்ட கொழுப்பு குறைவது மூன்று நான்கு சதவீதம்தான், அதை ஊதிப் பெரிதாக்கினார்கள். ஆனால் நன்மை சின்னது என்றால் தீமை பெரியது என்று ஆகிவிடாது. கொழுப்புள்ள இறைச்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயா வைத்தால் லாபம். ஏற்கெனவே பருப்பும் சுண்டலும் தின்கிறவர் அதன் மேல் சோயாவையும் ஏற்றினால் இதயத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

ஹெக்சேனுக்கும் ஒரு வார்த்தை: கடையில் வாங்கும் சுத்திகரித்த சமையல் எண்ணெய் பலவும் அதே வழியில் வருவதுதான். மீல்மேக்கரை மட்டும் தனியாகக் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை.

மார்கழிப்பனி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் சித்திக்குப் போன வருடம் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. சோயா வாசனையே ஆகாது என்று உறவினர்கள் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். உண்மையா?

சத்துக்கணக்கு:
அந்தப் பயம் எலிச் சோதனைகளிலிருந்து வந்தது. மனிதர்களிடம் பார்த்தது வேறு மாதிரி. ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய் வந்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் மரணமும் குறைவாக இருந்தன. சோயாதான் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன், இது கவனிப்பு ஆய்வு. ஆனால் டோஃபு, சோயா பால் போன்ற சாப்பாட்டு அளவுக்குப் பயப்படக் காரணம் இல்லை. ஐசோஃப்ளேவோன் மாத்திரை வேறு, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூட்டுக்கு என்று கடையில் விற்பது. அதைச் சித்தி தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

யாழ்ப்பாணத்தாள்:
எங்கட பக்கம் இதைச் சோயா மீற் என்போம். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அம்மா அதிலேதான் கறி வைப்பா. தேங்காய்ப்பால் விட்டு வற்ற வைத்தால் இறைச்சியே தோற்றுப்போகும். 1973இல் இருந்து கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் குடுக்கிற திரிபோசா சத்துமாவிலும் சோளத்தோடு சோயாதான். ஒரு குறை சொல்லலாம்: பைக்கெற்றோடு வருகிற அந்தச் சுவைத்தூளில் உப்பு கொஞ்ச நஞ்சம் இல்லை. நான் அதை எறிந்துவிடுவேன்.

நான் கேட்க வந்தது வேறு. வைகைக்கரை அக்கா, வீட்டில் எல்லோரும் காலமை சோயா பால் குடிக்கிறீர்கள் என்று எழுதினீர்கள். யாராவது தைராய்டு குளிசை எடுக்கிறீர்களா?

வைகைக்கரை:
நான்தான். ஆறு வருடமாக. ஏன்?

யாழ்ப்பாணத்தாள்:
எத்தனை மணிக்குக் குளிசை, எத்தனை மணிக்குப் பால்?

வைகைக்கரை:
ஆறு மணிக்கு மாத்திரை. ஆறரைக்கு எல்லாருக்கும் பால் ஆற்றும்போது எனக்கும் ஒரு டம்ளர்.

இப்போதுதான் உறைக்கிறது. போன வருடம் டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு, மருந்து போதாவிட்டால் ஏறும்) 3.2 இருந்தது. போன வாரம் பார்த்தபோது 9.1. மருத்துவர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்கி எழுதிக் கொடுத்தார். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்றுதான் கேட்டார். ஒரு நாள்கூட விட்டதில்லை என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். என்ன குடிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

சத்துக்கணக்கு:
எல்லாரும் பையனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம், நானும்தான். தைராக்சின் மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைச் சோயா தடுக்கும். கால்சியம், இரும்பு மாத்திரைகளும் அப்படித்தான், உடனே குடிக்கும் காப்பியும் கொஞ்சம். உங்களுக்குச் சோயாதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட இடம் இருக்கிறது. மாத்திரைக்கும் சோயாவுக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

நாட்டுவிதை:
அதாவது, சோயா தைராய்டைக் கெடுக்கிறது.

சத்துக்கணக்கு:
மாத்திரையைத் தடுக்கிறது. சுரப்பியைக் கெடுப்பது வேறு கதை. ஐம்பது அறுபதுகளில் அயோடின் சேர்க்காத சோயா மாவுப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளுக்குக் கழுத்து வீக்கம் வந்தது உண்மை. அயோடின் சேர்த்ததும் நின்றது. அயோடின் உப்பு புழங்கும் வீட்டில், சுரப்பி நன்றாக இருப்பவருக்கு அந்தப் பயம் இல்லை.

நாட்டுவிதை:
சரி, வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன். அக்கா காலையில் பாட்டி காலத்து மாட்டுப் பாலையே குடித்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. இந்த வாக்கியத்தை மாற்றமாட்டேன்.

சத்துக்கணக்கு:
பாலில் கால்சியம். அரை மணி நேரத்தில் அதைக் குடித்தாலும் இதே பேச்சு கொஞ்சம் சின்னதாக வந்திருக்கும்.

அக்கா, பையன் கணக்கு பாக்கி இருக்கிறது. 62 கிலோவுக்குச் சாதாரணத் தேவை, கிலோவுக்கு 0.83 கிராம் வீதம், 51 கிராம் புரதம். கனமாகப் பயிற்சி செய்தால் 100 வரை போகலாம். சோறு, சாம்பார், இட்லி, சுண்டலிலேயே பாதி வந்துவிடும். காய்ந்த மீல்மேக்கர் 40 கிராம் போட்டால் 21 கிராம் புரதம், இரண்டு முட்டையில் 12. மிச்சத்துக்குத் தயிரும் பருப்பும். அதையும் தினமும் வேண்டாம், வாரம் மூன்று நான்கு நாள் போதும்.

வைகைக்கரை:
ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். சோயா பால் சாயங்காலத்துக்குப் போய்விட்டது. பையன் 40 கிராமுக்கு இறங்கிவிட்டான், தம்பி திரும்பவும் அறைக்குப் போய்விட்டான். நேற்று டி.எஸ்.எச். 1.4.

நாட்டுவிதை:
பார்த்தீர்களா!

சத்துக்கணக்கு:
எதைப் பார்ப்பது? 75 மைக்ரோகிராமும் சோயா மாற்றமும் ஒரே வாரத்தில் நடந்தவை. எதனால் இறங்கியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வைகைக்கரை:
மருத்துவரும் அதைத்தான் சொன்னார். பழையபடி 50க்கு இறக்கி, ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாமாம். மாமியார் மட்டும் தீர்ப்பு எழுதிவிட்டார். பேரனுக்கு வரவேண்டியது மருமகளுக்கு வந்துவிட்டதாம்.