டேனா கார்வி ஷோ: 1996 ஒளிபரப்பின் கேசட் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். 1996 மார்ச்சில் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி ஏப்ரலோடு நின்றுபோன 'தி டேனா கார்வி ஷோ' என்ற, நடிகர் டேனா கார்வியின் குட்டி நகைச்சுவை நாடக நிகழ்ச்சியைத் தேடுகிறேன். எடுத்தது எட்டுப் பகுதிகள், ஒளிபரப்பானது ஏழுதான். ஸ்டீவ் கரெலும் ஸ்டீபன் கோல்பேரும் பெயர் வாங்கும் முன்பே நடித்தது. சாப்பாட்டின் பெயரைச் சொல்லும்போதே குமட்டிக்கொண்டு வரும் சர்வர்களாக இருவரும் வரும் காட்சியில் இன்றும் சிரிப்பை அடக்க முடியாது. முதல் பகுதியிலேயே அதிபர் கிளின்டன் வேடத்தில் கார்வி சட்டையைத் திறந்து நாய்க்குட்டிகளுக்குப் பால் கொடுப்பார். குடும்பமே உட்கார்ந்து பார்க்கும் 'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்' தொடர் முடிந்த கையோடு இதைப் போட்டால் எப்படி? நேரம்தான் இதைக் கெடுத்தது என்பேன்.

2009இல் டிவிடி வந்துவிட்டது, சரி. நான் தேடுவது விளம்பரங்களோடு டிவியிலிருந்து நேரடியாகப் பதிவு செய்த கேசட். நிகழ்ச்சியின் தலைப்பிலேயே விளம்பரதாரரின் பெயரையும் சேர்த்திருந்தார்கள். முதல் வாரம் டாக்கோ பெல் என்ற துரித உணவகம். அந்தத் தொடக்கத்தையும் இடைவேளை விளம்பரங்களையும் வரிசை மாறாமல் பார்க்க வேண்டும். படம் மங்கியிருந்தாலும், பாதிதான் இருந்தாலும் சொல்லுங்கள். டிஜிட்டலாக மாற்றும் செலவு என்னுடையது.