தாத்தாவோட ஹோண்டா சி70, 11 வருஷமா வீட்டுக்கு அடியில கிடக்குது, கிக்கரே இறங்க மாட்டேங்குது

மோல்மீன் பையன்

எல்லாருக்கும் வணக்கம், பர்மா மோல்மீன்ல இருந்து எழுதுறேன். எங்க தாத்தா ஓட்டுன ஹோண்டா சூப்பர் கப், சி70, பழைய 6 வோல்ட் மாடல், எங்க வீடு தூண் மேல நிக்கிற பலகை வீடு, அதுக்கு அடியில 11 வருஷமா செவுத்துல சாஞ்சு கிடக்குது. தாத்தா இதுலதான் முடோன் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய் வருவாரு, பின்னாடி கேரியர்ல ரப்பர் ஷீட்ட அடுக்கி சைக்கிள் டியூப்ப வெட்டிக் கட்டிக் கொண்டாருவாரு, அந்த டியூப் இப்பவும் கேரியர்லயே ஒட்டிக்கிட்டு இருக்கு, பிச்சாலும் வரல.

போன வாரம் பழைய இரும்புக்காரன் வந்து வீசைக் கணக்குல கேட்டான், அப்பா குடுத்துடலாம்னுட்டாரு. நான்தான் ரெண்டு மாசம் டைம் குடுங்கப்பான்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். மழை புடிக்கிறதுக்குள்ள ஸ்டார்ட் ஆகலன்னா வண்டி போயிரும்.

இப்போ நிலைமை என்னன்னா, கிக்கர மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது, மேல ஏறி நின்னு குதிச்சும் பாத்தாச்சு. டேங்க் மூடியத் தொறந்தா வார்னிஷ் நாத்தம், உள்ள செக்கச்செவேல்னு துரு. பின் சக்கரம் சுத்தல. ரெண்டு வருஷம் மழைத் தண்ணி பாதி டயர் வரைக்கும் ஏறியிருக்கு. லெக் ஷீல்டு, அதான் காலுக்கு முன்னாடி மறைப்பு, வெடிப்பு. பெயிண்ட் பரவால்ல, அங்கங்க உரிஞ்சிருக்கு. எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது, சீனா வண்டிக்கு ஆயில் மாத்துவேன், பிளக் கழட்டுவேன், அவ்வளவுதான். எங்க இருந்து ஆரம்பிக்கிறது? பெயிண்ட் முதல்ல அடிச்சிரலாமா, பாக்க நல்லா இருந்தா அப்பா மனசு மாறும்னு தோணுது.

பெகு ரெஞ்சு

பிரதர், அந்த இன்ஜினோட மல்லுக்கட்டாதீங்க. சீனா 110 சிசி, 125 சிசி இன்ஜின் படுத்த மாதிரி இருக்குமே, அது இந்த கப்போட காப்பிதான், பிரேம்ல போல்ட் கிட்டத்தட்ட அப்படியே உக்காரும், செல்ஃப் ஸ்டார்ட்டோட கிடைக்குது. வயரிங்க 12 வோல்ட்டுக்கு மாத்திட்டா நாலு நாள் வேலை. நான் ஒண்ணு அப்படிப் பண்ணி ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன்.

தட்டோன் மாமா

தம்பி முதல்ல ஒண்ணு, இனிமே அந்தக் கிக்கர மிதிக்காத. குதிக்கவே குதிக்காத. பிஸ்டன் ரிங்கு துருவுல ஒட்டியிருக்கும், நீ மிதிக்கிற மிதியில ரிங்கு ஒடையும், இல்ல கிக்கர் ஷாஃப்ட்டு பல்லு போயிரும், அப்புறம் இன்ஜின் கேஸையே ரெண்டாப் பொளக்கணும்.

ரெஞ்சு தம்பி சொன்னது நடக்குற வேலைதான், பொய் இல்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன், ஓனர் புக்கு இருக்கா? அதுல இன்ஜின் நம்பரும் பிரேம் நம்பரும் இருக்கும்ல. இன்ஜின மாத்துனா நம்பர் சேராது, லைசென்ஸ் இருந்த வண்டிய நீயே வித்தவுட் வண்டியா, அதாவது லைசென்ஸ் இல்லாத வண்டியா ஆக்கிட்ட மாதிரி. வித்தவுட் ஓட்டுறவன் நிலைமை என்னன்னு இந்த ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அதனால பீரோவத் தொறந்து முதல்ல புக்கத் தேடு, அப்புறம் ஸ்பேனர எடு.

புக்கு இருந்துச்சுன்னா இப்படிப் பண்ணு. அடியில இருக்கிற நட்டக் கழட்டி ஆயில வடி. கரேல்னு வந்தா கவலை இல்ல, டீக்கடைப் பால் டீ கலர்ல வந்தா உள்ள தண்ணி போயிருக்கு, அப்ப நான் வேற மாதிரி சொல்லணும், எழுது. அப்புறம் பிளக்கக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்து. கப் இன்ஜின் படுத்துக்கிட்டு இருக்கிறதால ஊத்துனது பிஸ்டன் தலைய முழுசா நனைக்காது, வண்டி முன் சக்கரத்தத் தூக்கி ஒரு பலகை மேல வச்சிரு, எண்ணெய் பின்னாடி இறங்கும். நாலஞ்சு நாள் விடு, தினமும் கொஞ்சம் சேத்து ஊத்து. அப்புறம் இடது பக்கக் கவரக் கழட்டுனா பிளைவீல் தெரியும், அத ரெண்டு கையால புடிச்சு இந்தப் பக்கம் ஒரு நூல் அந்தப் பக்கம் ஒரு நூல்னு ஆட்டு. ஒரு மயிரிழை அசைஞ்சாலே போதும், மறுநாள் ரெண்டு மயிரிழை அசையும். பொறுமைதான், வேற மருந்து இல்ல.

இன்னொண்ணு, ஸ்க்ரூ. ஜப்பான் வண்டி ஸ்க்ரூத் தலை பாக்க ஸ்டார் மாதிரிதான் இருக்கும், ஆனா அது ஜேஐஎஸ்னு தனி அளவு, கடையில கிடைக்கிற சாதா ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஆழமா உக்காராது, திருப்புனா வழுக்கித் தலையத் தின்னுரும். பழைய கப்ப எதப் பாத்தாலும் இன்ஜின் கவர் ஸ்க்ரூ எல்லாம் உளியால அடிச்ச அடையாளத்தோடதான் இருக்கும், காரணம் இதுதான். ஜேஐஎஸ் கிடைக்கலன்னா சுத்தியல்ல தட்டித் திருப்புற இம்பாக்ட் டிரைவர் ஒண்ணு வாங்கிக்க.

பெயிண்டத் தொடாத. ஓடாத வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறது பொணத்துக்குப் பவுடர் போடுறதுதான். ஓடட்டும், அப்புறம் பேசுவோம்.

ரங்கூன்வாசி

படிக்கவே ஏக்கமா இருக்கு. இங்க ரங்கூன் சிட்டிக்குள்ள 2003ல இருந்து சைங்கே, அதான் மோட்டார் சைக்கிள், ஓட்டத் தடை, என்னோட பழைய யமஹாவ மாமனார் ஊருக்கு அனுப்பி வச்சு அது அங்க கோழி அடை காக்குற இடமா ஆயிருச்சு.

டேங்க் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நான் ஒண்ண நாசம் பண்ணியிருக்கேன். சீக்கிரம் துரு போகணும்னு பாத்ரூம் கழுவுற ஆசிட்ட ஊத்தி ராத்திரி முழுக்க விட்டேன். துரு போச்சு, கூடவே டேங்கும் போச்சு, அடியில ஊசிக் கண்ணு மாதிரி ஏழு ஓட்டை. துருதான் அடைப்பா இருந்து தாங்கிக்கிட்டு இருந்துருக்கு. சரி பத்த வச்சு அடைச்சிரலாம்னு கடைக்குக் கொண்டு போனா அந்தக் கடைக்காரரு கிட்டயே சேக்கல, பெட்ரோல் டேங்க் காலியா இருந்தாலும் உள்ள ஆவி இருக்கும், நெருப்பக் காட்டுனா குண்டுதான், எடுத்துட்டுப் போன்னாரு. அவரு சொன்னது நியாயம்.

நீங்க வினிகர் ஊத்துங்க, கழுத்து வரைக்கும் ரொப்பி மூணு நாள் நாலு நாள் விடுங்க, நடுவுல ஒரு பிடி நட்டு, இல்ல சின்ன ஜல்லி போட்டு நல்லாக் குலுக்குங்க, ஆனா போட்டத எண்ணிப் போடுங்க, எண்ணி எடுங்க. வினிகர் அவ்வளவு வாங்க முடியலன்னா புளி. நெசமாத்தான். வெண்கலக் குத்துவிளக்க வீட்டுல புளி போட்டுத்தானே தேய்க்கிறாங்க, அதே புளிப்புதான் துருவையும் தின்னுது, புளிய ஊற வச்சுக் கரைச்சு சக்கை இல்லாம துணியில வடிகட்டி ஊத்தணும், கொஞ்சம் மெதுவா வேலை செய்யும். எடுத்ததும் ஆப்பசோடா கலந்த தண்ணியில ரெண்டு வாட்டி அலசுங்க, இல்லன்னா மிச்ச புளிப்பு உள்ளயே இருந்து திரும்பத் துருவாக்கும். வெயில்ல நல்லாக் காய வச்சு, காஞ்ச உடனே ஒரு கப் டீசலோ டூ ஸ்ட்ரோக் ஆயிலோ ஊத்தி எல்லாப் பக்கமும் உருட்டி விடுங்க. ஒரு ராத்திரி சும்மா விட்டாலும் நம்ம ஊரு ஈரக்காத்துக்கு மறுநாள் மஞ்சளாயிரும்.

மோல்மீன் பையன்

ரொம்ப நன்றி மாமா, ரங்கூன் அண்ணே. ஓனர் புக்கு கிடைச்சிருச்சு! பீரோவுல இல்ல, பாட்டி சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க, கரையான் ஒரு ஓரத்தத் தின்னுருக்கு, நம்பர் ரெண்டும் தெளிவா இருக்கு. இன்ஜின்ல பாத்தேன், சேருது. ரெஞ்சு அண்ணே கோச்சுக்காதீங்க, சீனா இன்ஜின் ஐடியாவ ஓரமா வச்சிட்டேன்.

ஆயில் கரேல்னு தார் மாதிரிதான் வந்துச்சு, பால் டீ இல்ல. ஏர் கிளீனர் பெட்டிய எடுத்தா உள்ள எலிக் கூடு, கிழிச்ச லுங்கித் துணியும் நெல்லு உமியும். அஞ்சாவது நாள் பிளைவீல் அசைஞ்சிருச்சு மாமா!! ஆறாவது நாள் முழுச் சுத்து சுத்துச்சு, அடுத்த வீட்டு அகோ (பர்மாக்கார அண்ணன்) என்ன ஆச்சுன்னு ஓடி வர்ற அளவுக்குக் கத்திட்டேன். பின் சக்கரம் பிரேக் ஷூ டிரம்முல ஒட்டியிருந்துச்சு, டயர மரக்கட்டையால தட்டித் தட்டிக் கழட்டியாச்சு.

ஆனா பிளக்க வெளிய எடுத்து இன்ஜின்ல ஒட்ட வச்சு கிக் பண்ணா பொறியே இல்ல. புது பிளக்கும் போட்டுப் பாத்தேன். பேட்டரி செத்துப் போச்சு, அதனாலயா? 6 வோல்ட் பேட்டரி இங்க எந்தக் கடையிலயும் இல்லங்கிறாங்க.

தட்டோன் மாமா

பேட்டரி காரணம் இல்ல தம்பி. சி70ல பொறி பிளைவீல் மேக்னட்டோவுல இருந்து வருது, பிளைவீலுல இருக்கிற காந்தம் சுத்துறதுலயே கரண்ட் உண்டாகும், பேட்டரி ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும்தான். சி90 வேற கதை, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காத.

பிளைவீலுல ஜன்னல் மாதிரி ஓட்டை இருக்கும், அது வழியா பாயிண்ட் தெரியும், கரண்ட்டத் தொறந்து மூடுற சின்ன சுவிட்சு மாதிரி. 11 வருஷம் சும்மா இருந்தா பாயிண்ட் முகத்துல ஒரு பூசணம் மாதிரி படிஞ்சிரும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா கரண்ட்ட விடாது. ரொம்ப சன்ன உப்புத்தாள ரெண்டா மடிச்சு நடுவுல விட்டு ரெண்டு இழு இழுத்துட்டு, அப்புறம் வெள்ளை அட்டை, கல்யாணப் பத்திரிகை அட்டை இருந்தாப் போதும், அத விட்டுத் துடை, அட்டை கருப்பா வர்றது நிக்கிற வரைக்கும். இடைவெளி முழுசாத் தொறக்கும்போது 0.3ல இருந்து 0.4 மில்லிக்குள்ள இருக்கணும். பிளக்குக்கு 0.6, 0.7. அப்படியும் வரலன்னா கண்டென்சர். பிளைவீலக் கழட்ட வேண்டி வந்தா அதுக்குன்னு புல்லர் இருக்கு, இரவல் வாங்கு, சுத்தியலால அடிச்சா காந்தமும் போகும் கிராங்க்கும் கோணும்.

கையோட வால்வு டேப்பெட் இடைவெளியும் பாத்துரு, இன்ஜின் ஆறியிருக்கும்போது ரெண்டுமே 0.05 மில்லி, பிளைவீலுல டி குறி நேரா வந்து ரெண்டு ராக்கரும் லூசா இருக்கிறப்ப.

அப்புறம் யாரும் செய்யாத வேலை ஒண்ணு சொல்றேன். இந்த இன்ஜினுக்கு மாத்துற ஆயில் பில்டர் கிடையாது. வலது பக்கக் கவருக்குள்ள ஒரு கம்பி வலை, கிளட்ச் முகத்துல ஒரு சுத்துற கிண்ணம், அழுக்கெல்லாம் அந்தக் கிண்ணத்துல போய் அப்பிக்கும். உனக்குத் தார் மாதிரி வந்துச்சுன்னா உள்ள சேறே இருக்கும். கழட்டி வழிச்சு எடு, வலைய மண்ணெண்ணெயில அலசு. புது ஆயில் 0.7, 0.8 லிட்டர்தான் புடிக்கும், மோட்டார் சைக்கிள் ஆயிலா வாங்கு, கிளட்ச் அதே ஆயிலுலதான் முங்கிக் கிடக்குது, கார் ஆயில் போட்டா வழுக்கும்.

பிரேக் டிரம் தூசிய வாயால ஊதாத, காத்தடிக்காத, பழைய ஷூவுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால துடைச்சுத் தூக்கிப் போடு.

பெகு ரெஞ்சு

கோபமெல்லாம் இல்ல பிரதர், மாமா சொன்னா சரிதான், புக்கு விஷயத்த நான் யோசிக்கல (என் வண்டி கதைய இங்க எழுத வேணாம் 😅). கார்புரேட்டருக்கு ஒண்ணு சொல்றேன், ஜெட்டுல, அதான் பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையில, கம்பி விட்டுக் குத்தாதீங்க, பித்தளை ஓட்டை பெருசாயிரும். செம்பு வயர்ல ஒத்த இழை உருவி அத விடுங்க. பழைய பெட்ரோல் பச்சையாக் கோந்து மாதிரி உள்ள ஒட்டியிருக்கும், ஒரு நாள் ஊற வைங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க்க மாட்டாதீங்க, ஆஸ்பத்திரி டிரிப் பாட்டில் மாதிரி ஒரு பாட்டில்ல கொஞ்சமாப் பெட்ரோல் ஊத்தித் தொங்க விட்டு டியூப் குடுங்க. ரோட்டோரம் பாட்டில்ல விக்கிறத வாங்காதீங்க, என்ன கலந்துருக்குன்னே தெரியாது.

மோல்மீன் பையன்

ஓடிருச்சு!!!!

நேத்து சாயங்காலம் கரண்ட் போன நேரம், டார்ச் வெளிச்சத்துல பாயிண்ட்டத் துடைச்சு (அக்கா கல்யாணப் பத்திரிகைதான், மிச்சம் நிறைய இருக்கு), கிக் பண்ணா நீலமாப் பொறி. பாட்டில் பெட்ரோல், சோக், ஏழெட்டு கிக், ஒண்ணும் இல்ல, ஒரு தடவை டப்புன்னு சைலன்சர்ல இருந்து மிச்ச உமி எல்லாம் பறந்துச்சு, அடுத்த கிக்குல புடிச்சிருச்சு. ஊத்துன டீசல் எரியுற வரைக்கும் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை, கொசு எல்லாம் காலி. ஒரு பத்து நிமிஷத்துல புகை கொறைஞ்சு அப்புறம் டுபுடுபுடுபுன்னு அந்தச் சத்தம். பாட்டி உள்ள இருந்து வந்து படியில நின்னுக்கிட்டு, உங்க தாத்தா வரும்போது மூலையில திரும்புறப்பவே இந்தச் சத்தம் கேக்கும், ஒலைய வச்சிருவேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

அப்பா ஒண்ணும் சொல்லல. காலையில பாத்தா லெக் ஷீல்டக் கழட்டி கிணத்தடியில வச்சு சோப்புப் போட்டுத் தேச்சுக்கிட்டு இருக்காரு. இரும்புக்காரன் வந்தா என்ன சொல்லப் போறாருன்னு கேட்டேன், மொறைச்சாரு.

இப்போ ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, சூடானதுக்கு அப்புறமும் லேசா நீலப் புகை வருது. ரெண்டாவது, ஃபர்ஸ்ட் கியர் போட்டா ஆக்சிலேட்டர் குடுக்காமலே வண்டி முன்னாடி இழுக்குது, கிணத்துச் செவுத்துல போய் முட்டப் பாத்துச்சு.

தட்டோன் மாமா

நல்லது தம்பி. இழுக்குறதுக்கு முதல்ல ஐடில் ஏறியிருக்கான்னு பாரு, கொறைச்சும் இழுத்தா கிளட்ச் அட்ஜஸ்ட். வலது கவர் நடுவுல ஒரு லாக் நட்டும் அதுக்குள்ள ஸ்க்ரூவும் இருக்கும். நட்ட லூஸ் பண்ணிட்டு ஸ்க்ரூவக் கடிகாரம் சுத்துற பக்கம் ஒரு சுத்து திருப்பு, அப்புறம் எதிர்ப் பக்கம் மெதுவாத் திருப்பிக்கிட்டே வா, கையில லேசாத் தட்டுற எடத்துல நிறுத்து, அங்க இருந்து திரும்பக் கடிகாரப் பக்கம் எட்டுல ஒரு பங்கு, அவ்வளவுதான், ஸ்க்ரூ நகராமப் புடிச்சுக்கிட்டு நட்ட இறுக்கு.

நீலப் புகை ஆயில் எரியுறது. ஒட்டிக் கிடந்த ரிங்கு ஓட ஓடக் கொஞ்சம் விடும், ஒரு 200, 300 கிலோமீட்டர் மெதுவா ஓட்டிப் பாரு, நிக்கலன்னா சிலிண்டரக் கழட்டி அளக்கணும். போர், அதாவது சிலிண்டர் உள் விட்டம், 47 மில்லி. ரிங்கு வாங்கப் போனா பழைய ரிங்கையும் பிஸ்டனையும் கையில கொண்டு போ, வாய்ல சொல்லி வாங்கினா சி50 வண்டியோடத எடுத்துக் குடுத்துருவான். டயர் 11 வருஷத்துது, பக்கவாட்டுல வெடிச்சிருக்கும், டியூபும் டயரும் மாத்தாம ரோட்டுக்கு எடுக்காத, அப்பாகிட்டயும் சொல்லி வை.

மோல்மீன் பையன்

லேட்டாச் சொல்றீங்க மாமா, அப்பா இப்பதான் மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு.