ஹாக்கியின் 'பிரஸ்' முறைக்கு 'மறிப்பு' பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பந்து எதிரணியிடம் இருக்கும்போது அணியாகச் சேர்ந்து அதன் வழிகளை அடைத்துப் பறிக்கும் முறையே 'பிரஸ்'. அதற்குத் தமிழ்ச்சொல்லாக 'அழுத்தம்', 'நெருக்கடி' என்று இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 'அழுத்தத்தில் தடுமாறிய அணி' என்று விளையாட்டுப் பக்கங்கள் ஓயாமல் எழுதுகின்றன. அங்கே அழுத்தம் மனத்தைப் பற்றியது. நெருக்கடி, மாட்டிக்கொண்டவர்களின் நிலை. நமக்கு வேண்டியது ஓர் அணி திட்டமிட்டுச் செய்யும் வேலையின் பெயர். 'தடுப்பாட்டம்' போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கோலுக்கு முன்னுள்ள 'டி' வட்டத்துக்கு முன்னே நிற்கும் பின்கள வீரர்கள் மட்டுமே நினைவுக்கு வருகிறார்கள்.

இந்திய ஆடவர் அணியையே எடுத்துக்கொள்வோம். 2023இல் பயிற்சியாளராக வந்த கிரெய்க் ஃபுல்டன், டோக்கியோவில் தங்கம் வென்ற பெல்ஜியத்தின் பயிற்சிக் குழுவில் இருந்தவர். வெல்வதற்காகத் தடுத்தாடுவதே தம் கொள்கை என்று வெளிப்படையாகச் சொன்னவர். இத்தகைய ஆட்டத்தில் தடுப்பு முன்கள வீரர்களிடமே தொடங்கிவிடுகிறது. பந்து எதிரணியின் பின்களத்தில் இருக்கும்போது அவர்கள் அதைப் பறிக்கப் பாய்வதில்லை. நடுக்கோட்டை ஒட்டிப் பின்வாங்கி, மையத்தின் வழியே பந்து போகக்கூடிய பாதைகளை மட்டையைத் தாழ்த்தி அடைத்துக்கொள்கிறார்கள். வேறு வழியில்லாமல் பந்து பக்கக்கோட்டு ஓரமாகப் போகிறது. அதை வாங்குபவர் கோட்டின் பக்கம் முகம் திருப்பிய கணத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மூடிவிடுகிறார்கள். அங்கே பறித்த பந்துக்கு முன்னால் அரை மைதானம் திறந்து கிடக்கும்; எதிரணியின் பின்கள வீரர்கள்தான் மேலேறி வந்துவிட்டார்களே! எதிர்த்தாக்குதல் அங்கிருந்தே பிறக்கிறது.

எதிரணிப் பின்கள வீரர்களைத் தாண்டி முன்கூட்டியே போய் நிற்பதைத் தடுத்த ஆஃப்சைடு விதி ஹாக்கியில் 1990களிலேயே போய்விட்டது என்பதையும் மறக்கக்கூடாது. எல்லோரும் முன்னேறி நின்றால், தலைக்கு மேலே தூக்கி அனுப்பும் ஒரே பந்தில் முதுகுக்குப் பின்னால் எதிரணி கோலடித்துவிடும். எங்கே நின்று தொடங்குவது என்பதைப் பயிற்சியாளர்கள் இவ்வளவு யோசிப்பது அதனால்தான்.

இந்த வேலையின் சாரம் பந்தின் வழியை மறிப்பது. ஆகவே 'மறிப்பு' என்று முன்மொழிகிறேன். வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: 'மறித்தாடினார்கள்'. முழுக்கள மறிப்பு, அரைக்கள மறிப்பு என வகை பிரிக்கலாம். மறிக்கத் தொடங்கும் இடம் மறிப்புக்கோடு. 'இரண்டு கோல் பின்தங்கியதும் முழுக்கள மறிப்புக்கு மாறினார்கள்' என்று வர்ணனையாளர் தடுமாறாமல் சொல்லிவிடலாம்.

ஆனால் எல்லாத் தடுப்பையும் இந்தச் சொல்லில் திணிக்க வேண்டாம். பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய 40க்கும் மேற்பட்ட நிமிடங்களைப் பத்துப் பேர் ஆடி, 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றார்கள். அதில் பெரும்பகுதி நேரம் அவர்கள் செய்தது மறிப்பு அன்று. ஆழத்தில் இறங்கி, வட்டத்தைச் சுற்றி இடைவெளி விடாமல் நின்றார்கள். கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷைப் பற்றி எல்லோரும் பேசினோம், பேசத்தான் வேண்டும். அவருக்கு முன்னே ஓடி ஓடி அடைத்தவர்களின் ஆட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டாமா? அதற்கு 'அரணாட்டம்' என்ற தனிச்சொல்லை வைத்துக்கொள்ளலாம்.

'இடைமறிப்பு' ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பம் வராதா என்ற கேள்வி நியாயமானது. இடைமறிப்பது தனி ஒருவர் பந்தைக் குறுக்கே புகுந்து எடுப்பது. மறிப்பு அணி முழுவதும் சேர்ந்து செய்வது. நல்ல மறிப்பின் விளைவாகவே இடைமறிப்புகள் கூடும் என்பதால், இரண்டு சொற்களும் உறவினர்களாக இருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஓரத்தில் வைத்து மூடும் அந்தக் கடைசிச் செயலுக்கு மட்டும் 'பொறி' என்பதா 'மடக்கு' என்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. 'மடக்கு' பக்கமே என் மனம் சாய்கிறது. களத்தில் ஆடிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.